விதை வங்கியில் எது புதிது, எது நகல்?

ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் பக்கம் இருக்கிறது திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். டி.கே.எம். நெல் ரகங்கள் பிறந்த இடம். அங்கே உருவான டி.கே.எம்.6, குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கி நிற்கும். அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராக வைத்து, நம் வயல்களில் வெகுகாலம் விளைந்த ஐ.ஆர்.20-ஐ உருவாக்கியது.

இப்படிப்பட்ட பெற்றோரை விதை வங்கியில் இருக்கும் ஆயிரக்கணக்கான விதைப் பொட்டலங்களிலிருந்து எப்படித் தேடுவது? முதலில் அருகருகே விதைத்து உயரம், பூக்கும் நாள், மணியின் நீளம் எல்லாம் அளப்பார்கள். ஆனால் மண்ணும் மழையும் மாறினால் உயரமும் மாறிவிடும். அதனால் டி.என்.ஏ.வையே பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் சில இடங்களில் இரண்டு, மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அந்தத் துண்டைப் பெருக்கி நீளத்தை ஒப்பிட்டால், வெவ்வேறு பெயர்களில் கிடக்கும் ஒரே ரகமும், ஒரே பெயரில் இருக்கும் வெவ்வேறு ரகங்களும் வெளிப்பட்டுவிடும்.

பிறகு, பெரும்பாலான வேறுபாட்டை அடக்கிய சிறு தொகுப்பு ஒன்றைப் பிரிப்பார்கள். பெரும்பாலும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. பார்லி, கோதுமைத் தொகுப்புகளுக்கும் இதே வழிதான்.

இந்தச் சிறு தொகுப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பது என் எண்ணம். நெற்பயிரைத் தாக்கும் கிராசி ஸ்டன்ட் வைரஸை எதிர்க்கும் நெல்லைத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, நல்ல எதிர்ப்பு கிடைத்தது உத்தரப் பிரதேசத்தின் ஒரே ஒரு காட்டு நெல்லில்தான்.