லயத்துக் கூரையில் அமர்ந்த கரி

பதுளை, பசறை, ஹாலிஎல பகுதிகளில் பரந்துள்ள ஊவாத் தோட்டங்களில், பிரித்தானியர் காலத்து லயக் காம்பராக்களில் விறகடுப்பு எரிந்துவந்த இடமெல்லாம் தகரக்கூரையின் உட்புறம் கறுத்தே இருக்கும். அந்தக் கறுப்புக்கு ஆங்கிலத்தில் ‘சூட்’ என்று பெயர். விறகோ எண்ணெயோ போதிய காற்றின்றி எரியும்போது முழுதும் எரியாமல் புகையோடு எழும் நுண்ணிய கரித்துகளே அது. ஒலியொப்புமையைக் கண்டு அச்சொல்லைத் தமிழின் ‘சூடு’ என்பதோடு உறவுபடுத்த முயல்வோர் ஏமாறுவர்.

ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அது ‘சோட்’ என்று நெடிலாக ஒலித்தது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு அவற்றின் மூதாதை மொழியை மீட்டுருவாக்கிய அறிஞர்கள், ‘சோட்’ என்பதன் வேர் ‘உட்காருதல்’ எனப் பொருள்படும் ‘செட்’ என்று காட்டியுள்ளனர். ஆங்கிலத்தின் ‘சிட்’, ‘சீட்’ ஆகியனவும், வடமொழியின் ‘சதஸ்’ என்ற அவைப்பெயரும், ஆசிரியரின் அருகில் அமர்தலைக் குறிப்பதாகப் பொதுவாக விளக்கப்படும் ‘உபநிடதம்’ என்பதும் இவ்வேரிலிருந்தே கிளைத்தவை என்பதால், அடுப்புக்கரியும் வேதாந்த நூலும் சொல்வழியில் உறவினராகின்றன. தமிழ், வேறு குடும்பத்து மொழியாயினும், கரி ‘படிகிறது’ என்று ஏறத்தாழ அதே நோக்கில்தான் பேசுகிறது.

நிறத்தை விட்டு அமர்தலைக் கொண்டு பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் என்பதை லயத்து அடுப்படியே விளக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொப்புகள் ஈரம் காயாமல் எரியும்போது கரித்துகளோடு பிசுபிசுப்பான கீலாவியும் எழுகிறது. புகைபோக்கி இல்லாத அறையில் அது வெளியேற வழியின்றிச் சுழல்கிறது. வெப்பமான காற்றிலுள்ள நுண்துகள்கள் குளிர்ந்த பரப்பை நோக்கித் தள்ளப்படுவது இயற்பியல் நியதியாதலால், மலைநாட்டு இரவில் சில்லிட்ட தகரமே அவற்றுக்கு முதல் இருக்கை; கீல் அங்கேயே உறைந்து அவற்றைப் பிடித்துக்கொள்ள, சிலந்திவலையில் சிக்கியவை ஒட்டடையாகத் தொங்குகின்றன. கூரைக்குச் செல்லாதவை அடுப்பருகே இருப்போரின் நுரையீரலில் அமர்கின்றன. தோட்டத்துப் பெண்களும் குழந்தைகளும் அதனால் இருமுவதைக் குளிரின் விளைவு என்று மட்டும் தள்ளிவிடுவது சரியன்று.

1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையின் சுரங்கங்களிலும், நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், குளிர்ந்த கற்சுவரைத் தேடி இதே கரி அமர்ந்தது.