குடமிளகாய்க்கு ரெட்டைக் கதவு!

தி.நகர் சூப்பர் மார்க்கெட்டில் ஏ.சி. காற்று வாங்கியபடி ஜம்மென்று உட்கார்ந்திருக்குமே சிவப்பு, மஞ்சள் குடமிளகாய்... அதற்குப் பிறந்த ஊர் ஓசூர் பக்கமாக இருக்கலாம். பாலித்தீன் கூரை, சுற்றிலும் வலை போட்ட பசுமைக்குடிலில் வளர்கிற செல்லப்பிள்ளை!

"மூடி வெச்சு வளர்த்தா பூச்சி எப்படி சார் வரும்?"

வரும். இலைப்பேன் என்பது ஒரு மில்லிமீட்டர் சமாசாரம். கதவைத் திறக்கிற கேப்பில் நுழைந்துவிடும். நுழைந்தபின் ராஜவாழ்க்கைதான். கதகதப்பு, சொட்டுநீரில் உரம் குடித்த கொழுந்து இலை, அடித்துப்போக மழையும் கிடையாது. அதைத் தின்கிற நல்ல பூச்சிக்கோ வலை 'நோ அட்மிஷன்' போட்டுவிடுகிறது. வில்லன் உள்ளே, ஹீரோ வெளியே!

உடனே ஸ்பிரேயரைத் தூக்கலாம். ஆனால், மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கணும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். இங்கேயோ வாரத்துக்கு ஒன்றிரண்டு பறிப்பு. காய் காத்திருக்குமா? பாங்க் தவணைதான் காத்திருக்குமா? தவிர, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்கு அது பழகிவிடும்.

அதனால் விவசாயி செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறார். முதலில் ரெட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கணும். பிறகு, பசை தடவிய அட்டைகள். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள், இலைப்பேனுக்கு நீலம். காசை மிச்சம் பிடிக்கிறவர்கள் தகரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுவதும் உண்டு. அப்புறம் வேப்பெண்ணெய். வலையை இன்னும் நெருக்கமாகப் போடலாமே என்றால், காற்றோட்டம் குறைந்து உள்ளே வெயில் காலத்தில் அடுப்புதான், பூ கொட்டிவிடும்.

நல்ல பூச்சியை நாமே உள்ளே விட்டால்? ஸ்பெயினில் அல்மேரியா என்று ஒரு வட்டாரம், கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூரைதான். 2006 கடைசியில் அங்கிருந்து போன மிளகாயில் தடை செய்த பூச்சிமருந்து இருப்பதை ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். வியாபாரம் ஆட்டம் கண்டது. அடுத்த ஓரிரு வருஷத்தில் மிளகாய்க்காரர்கள் கும்பலாகப் பூச்சி தின்னும் பூச்சிக்கு மாறிவிட்டார்கள்.

நம்மவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அதை விட்டபிறகு, பயத்தில் ஒருநாள் கடும் மருந்தை அடித்தால் முதலில் சாவது காசு கொடுத்து வாங்கிய ஹீரோதான். கோயம்பேட்டிலோ நிறமும் எடையும்தான் பேசும். எத்தனை தடவை மருந்தடித்தது என்பது தராசில் ஏறாது.

ஓசூர் பக்கம் போனால் ஒரு குடிலை எட்டிப் பாருங்கள். மஞ்சள் சட்டை மட்டும் வேண்டாம். வெள்ளை ஈக்கு உங்களுக்கும் அட்டைக்கும் வித்தியாசம் தெரியாது!