ஆம்புலன்ஸுக்கு முன்னால் வரவேண்டியவர்

உயிருக்கு ஆபத்து என்றால் கைபேசி எதற்கு? ஆம்புலன்ஸைக் கூப்பிட என்றுதான் எல்லோரும் சொல்வோம். இதயத் துடிப்பு திடீரென நின்றுபோனவருக்கு அது மட்டும் போதாது. நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துவிடுகிறது. எத்தனை வண்டி வாங்கினாலும் எல்லாத் தெருவுக்கும் நாலு நிமிடத்தில் போய்ச் சேர முடியாது. ஆகவே கைபேசி செய்யக்கூடிய பெரிய காரியம், பக்கத்தில் இருக்கும் முதலுதவி தெரிந்தவரைத் தேடிப்பிடித்து ஓடிவரச் செய்வதே. ஸ்டாக்ஹோமில் 2012, 2013 ஆண்டுகளில் இதைச் சோதித்தார்கள். இதயம் நின்றதாக அழைப்பு வந்ததும் 500 மீட்டருக்குள் இருக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அவர்களின் கைபேசி வழியே கணினி கண்டறியும். அவர்களை அழைப்பதா வேண்டாமா என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அழைத்தபோது 62 சதவீத நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸ் வருமுன்பே நெஞ்சழுத்த முதலுதவி கிடைத்தது. அழைக்காதபோது 48 சதவீதம். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையும் 2015இல் இதே நோக்கத்தோடு ‘மைரெஸ்பாண்டர்’ செயலியைக் கொண்டுவந்தது. அடுக்குமாடிகள் நிறைந்த ஊருக்கு இது பொருத்தம்தான். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகும் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார்.

உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடியதா என்று கேட்பது நியாயமே. ஸ்டாக்ஹோமில் 30 நாள் கடந்து உயிரோடிருந்தவர்கள் தன்னார்வலர்களை அழைத்த தரப்பில் 11.2 சதவீதம், அழைக்காத தரப்பில் 8.6. புள்ளியியல் கணக்கில் இது உறுதியான வேறுபாடு அல்ல. 667 பேரை மட்டும் கொண்ட அந்தச் சோதனை, முதலுதவி கூடுகிறதா என்று பார்க்கவே திட்டமிடப்பட்டது. ஆனால் ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, ஆம்புலன்ஸ் வருமுன் நெஞ்சழுத்தம் பெற்றவர்களில் 10.5 சதவீதமும் பெறாதவர்களில் 4 சதவீதமும் பிழைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முயற்சி வீண் என்று சொல்ல மனம் வராது. அரைகுறைப் பயிற்சியால் விலா எலும்பு முறியலாம் என்பார்கள். முறியலாம், எலும்பு கூடும், நின்ற இதயம் தானாக ஓடாது. போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற பயம் இன்னும் கனமானது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காப்பது விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரை. வீட்டில் சரிந்தவருக்கு உதவப்போனவர் அதில் வரமாட்டார்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, அழைப்பு மையமும் இருக்கிறது. செயலி எழுதுவது சுலபம். ஸ்டாக்ஹோமில் திரட்டப்பட்ட 9,800 தன்னார்வலர்களைப் போல இங்கே ஊர் ஊராக ஆட்களைப் பழக்குவதுதான் பெரும்பாடு. டென்மார்க்கில் 2006 முதல் ஓட்டுநர் உரிமம் கேட்பவர் முதலுதவி கற்றிருக்க வேண்டும். இங்கே ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும்.