இளமை எங்கே முடிகிறது?

'இளமை எப்போது முடிகிறது?' என்று உயிரியல் அறிஞர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய மூவரிடமும் கேட்டுப் பாருங்கள். மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும்.

இனப்பெருக்க ஆற்றல் வந்ததும் உயிரி முதிர்ச்சி அடைந்துவிட்டது என்பது உயிரியலின் கணக்கு. அந்தக் கணக்குப்படி உங்களில் பலர் இப்போதே முதிர்ந்தவர்கள்!

மருத்துவர் எலும்பைப் பார்க்கிறார். வளரும் வயதில் நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு உண்டு. அதில் கால்சியம் குறைவு. ஆகையால் எக்ஸ் கதிர்கள் எளிதில் ஊடுருவிச் செல்ல, படத்தில் அது கருமையான இடைவெளியாகத் தெரியும். வளர்ச்சி நின்றதும் தகடு எலும்பாகிறது, இடைவெளி மறைகிறது. மணிக்கட்டில் இது ஏறத்தாழ 18 வயதில் நிகழ்கிறது. பெண்களுக்குச் சற்று முன்னதாகவே நிகழும். காறை எலும்பின் உள்முனையோ 20 வயதுக்குப் பிறகுதான் முழுமையாக இணைகிறது. ஒரே உடலில் ஓர் எலும்பு முதிர்ந்துவிட, மற்றொன்று இளமையாகவே இருக்கிறது!

சட்டத்திற்கோ திட்டமான ஒரு நாள் தேவை. நம் நாட்டில் வாக்குரிமை வயது 21 ஆக இருந்தது. 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 1989 மார்ச் 28 முதல் அது 18 ஆயிற்று. அன்று எவருடைய எலும்பும் மாறிவிடவில்லை. சட்டத்தின் கோடுதான் நகர்ந்தது.

குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிறுவனுக்கு வயதுச் சான்று எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் குழந்தையே. அவரது வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்ல வேண்டும். எலும்புச் சோதனை '18' என்று கூறினால் என்ன செய்வது? இச்சோதனையில் இருபுறமும் இரண்டு ஆண்டுகள் வரை பிழை நேரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஒரு வழக்கில் குறிப்பிட்டது. அப்படியானால் அவன் வயது 16 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். கோடு மயிரிழை போன்றது. அதை அளக்கும் கோலின் பிழையோ நான்கு ஆண்டு அகலம்!

எனவேதான் சட்டம் முதலில் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறது. அது இல்லையேல் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றைக் கேட்கிறது. இரண்டும் இல்லாதபோதுதான் எக்ஸ் கதிர்ப் படம்.

ஆகவே, 'இவர் இளையவரா?' என்று கேட்கும் முன், 'எதற்காகக் கேட்கிறோம்?' என்று கேளுங்கள். இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே தேதி உள்ளதா என்று பெற்றோருடன் சேர்ந்து சரிபாருங்கள்.