உங்களுக்குத் தெரியுமா? சூடில்லாமல் உரம் ஏறும் எவர்சில்வர்

தமிழர் வீட்டு எவர்சில்வர் பாத்திரம், குளிர் உருட்டலில் மெலிந்த தகட்டில் பிறந்தது. சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் வேலை இது.

சூடுபடுத்தாமல் உருளைகளுக்கு நடுவே நசுக்கும்போது உலோகப் படிகங்களுக்குள் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் மறிக்கின்றன, தகடு இறுகுகிறது. எவர்சில்வரின் 301 ரகத்தில் இது பிரமாதம்! இளக்கிய தகடு குறைந்தது 205 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை உருக்குலையாது. முழுக்க இறுக்கியதோ குறைந்தது 965 வரை தாங்கும். ஆனால், நீளும் குணம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் பாத்திரத் தகட்டை உலையில் காய்ச்சி மறுபடி இளக்குகிறார்கள். ஸ்பிரிங் தகட்டை இறுக்கமாகவே விடுகிறார்கள்.

அசல் 304 ரக எவர்சில்வர் டம்ளரிலும், ஆழமாக இழுத்து வளைத்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டலாம். போலி என்று ஒதுக்க வேண்டாம். குளிர்நிலையில் அழுத்தியதில் படிக அமைப்பு மாறியதே காரணம்.