விரலில் உப்பு, வானில் கடிகாரம்

புது போன் வந்த வீட்டில் முதல் கேள்வி, “கேமரா எத்தனை மெகாபிக்சல்?” அடுத்தது, “கேம் நிற்காமல் ஓடுமா?” மூன்றாவது கேள்வி பெரியவர்களுடையது: “இதுக்குப் போய் இவ்வளவு விலையா?”

நான் இந்த மூன்றையும் கேட்கப்போவதில்லை. போனில் எனக்குப் பிடித்தது, நாம் கேட்காமலே அது செய்துவிடுகிற சின்னச் சின்ன வேலைகள். விரல் பட்டால் தெரிந்துகொள்கிறது. படுக்கவைத்தால் படத்தையும் படுக்கவைக்கிறது. காதுக்குக் கொண்டுபோனால் திரையை அணைக்கிறது. வழி தெரியாமல் நின்றால் “நீ இங்கே நிற்கிறாய்” என்று ஒரு நீலப்புள்ளி வைக்கிறது. விளம்பரங்கள் இவற்றைப் பற்றிப் பேசுவதேயில்லை. ஆனால் இவை ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் போதும், போனைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாமா என்று வரும்.

கடலில் போட வேண்டாம். அதுவும் புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லவே கூடாது. ஒரு பக்கம் துறைமுகம், அந்தப் பக்கம் கடல். இந்திரா காந்தி விளையாட்டரங்கில் ஓடி முடித்து உதட்டை நக்கினால் கரிக்கும். அதில் எவ்வளவு வியர்வை, எவ்வளவு கடல்காற்று என்று பிரிக்க முடியாது. சைக்கிள் செயினுக்கு எதிரியான அந்த உப்புதான் தொடுதிரைக்கு உயிர். எப்படி என்று பார்ப்போம்.

திரையின் கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. அது ஒளியையும் விடும், மின்சாரத்தையும் விடும். அதனால் கோடுகள் நம் கண்ணுக்குப் படுவதில்லை. போன் அந்தக் கோடுகளில் கொஞ்சம் மின்னூட்டத்தை வைத்து, ஒவ்வொரு நொடியும் பல பத்துத் தடவை “யாராவது வந்தீர்களா?” என்று சோதித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் விரல் வந்ததும் அந்த இடத்து மின்னூட்டத்தில் கொஞ்சம் விரல் பக்கம் இழுபட்டுவிடும். எந்தக் குறுக்குக்கோட்டில் குறைந்தது, எந்த நெடுக்குக்கோட்டில் குறைந்தது என்று பார்த்தால் விரல் இருக்கும் புள்ளி கிடைத்துவிடுகிறது. நீங்கள் அழுத்தவே தேவையில்லை. கோபத்தில் ஓங்கிக் குத்தினாலும் மெல்லத் தொட்டாலும் போனுக்கு ஒன்றுதான்.

சரி, விரலிடம் என்ன இருக்கிறது? உப்புத்தண்ணீர். நம் உடம்பு முழுக்க அதுதான். ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிறார்களே சலைன் பாட்டில், அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்புக்குள் ஓடும் நீரின் உப்புக்கு ஏறக்குறைய ஈடான அளவு அது. கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால்தான் விரலைக் கண்டு திரை அசைகிறது, பிளாஸ்டிக் பேனா மூடியைக் கண்டால் அசையாமல் கிடக்கிறது. நகத்தின் நுனியால் தொட்டுப் பாருங்கள், வேலை செய்யாது. நகம் காய்ந்த பொருள். ஒரு வாழைப்பழத்தைக் கையில் பிடித்து அதன் நுனியால் தொடுங்கள், திரை திறக்கும். யாராவது முறைத்தால் ஆராய்ச்சி என்று சொல்லுங்கள். போனைத் துடைத்து வைப்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான்.

கடற்கரையில் இதே கதை தலைகீழாகும். திரையில் இரண்டு சொட்டுக் கடல்நீர் தெறித்தால் போன் அதையும் விரல் என்று நினைத்துக்கொண்டு யாருக்கோ போன் போடும். சார்ஜ் செய்கிற துளைக்குள் போய்விட்டால் விஷயம் இன்னும் மோசம். உப்புநீரும் மின்சாரமும் உலோகமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். அங்குள்ள நுண்ணிய உலோக முனைகள் அரித்துப்போகும். அதனால்தான் புதிய போன்கள் பலவற்றில், ஈரம் இருக்கும்போது சார்ஜர் செருகினால் “ஈரம் இருக்கிறது, கழற்று” என்று எச்சரிக்கை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வசதிகளில் இதுவும் ஒன்று. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்கிற கருவி! பெட்டியில் தண்ணீர் தாங்கும் என்பதற்கு ‘ஐபி68’ என்று போட்டிருக்கிறதே, நீச்சலுக்குக் கொண்டுபோகலாமே என்று அண்ணன்மார் சொல்லக்கூடும். அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள், கடல்நீரில் அல்ல. நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைக்கிற வைத்தியமும் வேண்டாம். அரிசித் தூள் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், போதும்.

மற்ற வேலைக்காரர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். படத்தைத் திருப்புவது முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய, தலைமுடியின் தடிமனோடு ஒப்பிடத்தக்க நுண்ணிய உறுப்புகள் அதற்குள் ஊசலாடுகின்றன. டவுன் பஸ் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்வதுபோல, போன் அசைந்தால் அவை சாய்கின்றன. பூமி எப்போதும் கீழே இழுப்பதால் எது கீழ் என்பதும் அவற்றுக்குத் தெரியும். காதருகே திரையை அணைப்பதற்குப் பல போன்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. அது கன்னத்தில் பட்டுத் திரும்பி வந்தால், கன்னம் வந்துவிட்டது என்று பொருள். இது இல்லையென்றால் அத்தையோடு பேசும்போது உங்கள் கன்னமே அழைப்பைத் துண்டித்துவிட்டு, “நான் ஒன்றும் செய்யவில்லையே” என்று நிற்கும்.

டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெள்ளை விளக்கு இல்லை. நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியிருக்கிறார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றுகொண்டு, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. மின்சாரம் போன அந்த இருட்டில் எந்த வீட்டிலும் மெகாபிக்சலைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். சில போன்களில் காற்றழுத்தமானியும் இருக்கிறது. கடல்மட்டத்தில் சாதாரணமாக 1013 ஹெக்டோபாஸ்கல் காட்டும். புயல் நெருங்க நெருங்க இறங்கும். மூன்று மாடி ஏறினால் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். படிக்கட்டில் வைத்துச் சோதிக்கலாம், புயலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த நீலப்புள்ளிக்கு வருவோம். இதற்காக 250 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும், ஆனால் தூரம் அதிகமில்லை. உப்பளத்திலிருந்து வடக்கே நடந்தால் பாரதி பூங்கா. அந்தப் பக்கத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. ஆங்கிலேயர் 1761இல் ஊரைப் பிடித்ததும் அதை இடித்துத் தள்ளினார்கள். ஊர் மறுபடி பிரான்சிடம் வந்தபின், 1768 மார்ச்சில் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் கப்பலில் வந்து இறங்கினார். கோட்டை இடிபாட்டின் மேல் அவருக்கு ஒரு வான்நோக்கு நிலையம் கட்டிக் கொடுத்தார்கள்.

அவர் வந்தது வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போவதைப் பார்க்க. அதை உலகின் பல இடங்களிலிருந்து பார்த்து நேரம் குறித்தால் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் பார்த்த இடம் எது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் குறித்த நேரத்தால் பயனில்லை. ஆகவே முதல் வேலை, புதுச்சேரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது!

தெற்கு வடக்கு எளிது. நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தால் கிடைத்துவிடும். கிழக்கு மேற்குதான் கடினம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். பாரிசில் மணி என்ன, இங்கே மணி என்ன என்று ஒரே நேரத்தில் தெரிந்தால் இடைவெளி தெரிந்துவிடும். பாரிசுக்கு அன்று போன் போட முடியாதே! வானத்தையே பொதுக் கடிகாரமாக வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழி. வியாழனின் நிலவு ஒன்று நிழலுக்குள் மறையும் கணம் பாரிசில் எத்தனை மணி என்று அட்டவணையில் இருக்கும். இங்கே அது மறையும்போது ஊசல் கடிகாரத்தில் எத்தனை மணி என்று பார்க்க வேண்டும். புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 5 மணி 10 நிமிடம். இதை நம்பத்தக்க துல்லியத்தில் எடுக்கப் பல இரவுகள் வேண்டும், மேகமில்லாத வானமும் வேண்டும்.

அந்த மேகம்தான் மனிதரைக் கவிழ்த்தது. 1769 ஜூன் 4 காலை, வெள்ளி சூரியனைக் கடந்த நேரம் முழுவதும் புதுச்சேரி வானம் மூடிக்கொண்டது. கடந்து முடிந்தபின் வெயில் அடித்தது. 1761இல் இதே நிகழ்ச்சியை அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு 105 ஆண்டு கழித்து. ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தார்கள். நாம் பேருந்தைத் தவறவிட்டதற்கெல்லாம் புலம்புகிறோம்.

ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. நம்மூர்ப் பஞ்சாங்கக் கணக்கைத் தமிழர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தக் கணக்கு 41 நொடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூடுதலாகச் சொன்னது. இதை லெ ஜான்தியே எழுதி வைத்தார்.

உங்கள் போன் செய்வதும் அவர் செய்த அதே வேலைதான்: வானத்துக் கடிகாரத்தைப் பார்த்து இடம் சொல்வது. வியாழனின் நிலவுக்குப் பதில் செயற்கைக்கோள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, “நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சேதி ஒளியின் வேகத்தில் வந்தாலும், வந்து சேர நொடியில் 15இல் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். இப்படி நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் கிடைத்துவிடும். மூன்று போதாதா? போதும், போனுக்குள் நல்ல கடிகாரம் இருந்தால். அது மலிவான கடிகாரம் என்பதால் அதன் தவறைத் திருத்த நான்காவது ஒன்று தேவைப்படுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: போன் இதில் கேட்க மட்டும்தான் செய்கிறது. செயற்கைக்கோள் உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது.

நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். ஐந்து பங்கு பிசகினால் ஒன்றரைக் கிலோமீட்டர். விளையாட்டரங்கில் நிற்கிற உங்களை அலைக்குள் இறக்கிவிடும். அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் வைக்கிறார்கள். ஐன்ஸ்டைன் சொன்னபடி அந்த உயரத்தில் கடிகாரம் நம்முடையதைவிட நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும் என்பதால், அதையும் சேர்த்தே திருத்துகிறார்கள். நம் நாட்டுக்கும் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது, பெயர் நாவிக். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் வைத்திருந்த வெளிநாட்டு அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதாக, செயற்கைக்கோள் நல்ல நிலையில் இருந்தும் இடம் சொல்ல உதவாமல் போயிற்று. 2023 மே 29 அன்று போன என்.வி.எஸ்.-01இல் இந்தியாவிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் இருந்தது. புதிய போன்கள் பல ஜி.பி.எஸ்., நாவிக் இரண்டையும் கேட்கின்றன.

லெ ஜான்தியின் கணக்கை நீங்களும் செய்யலாம். போனின் வரைபடத்தில் உப்பளத்தைத் தேடித் தொட்டால் தீர்க்கரேகை 79.8 பாகை என்று வரும். இந்திய நேரத்தை நாம் எடுப்பது 82.5 பாகையில். வித்தியாசம் 2.7 பாகை; பாகைக்கு 4 நிமிடம் என்றால் ஏறக்குறைய 11 நிமிடம். ஆகவே இங்கே சராசரியாகச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12:11க்கு. சராசரி என்று சொன்னதை மறக்க வேண்டாம். பூமியின் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரியில் அது 12:25 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12 ஆவதற்கு முன்பே வந்துவிடும். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, 11:45 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல் எத்தனை மணிக்கு விழுந்தது என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 இவற்றை ஒட்டிய நாட்களில் செய்தால் புதுச்சேரியில் அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. அன்று மேகம் வந்தால், 105 ஆண்டெல்லாம் காத்திருக்க வேண்டாம். மறுநாளே மறுபடி பார்க்கலாம்.