அரசைப் பதில் சொல்ல வைத்த தாய்

பலெர்மோ நகரிலிருந்து கிழக்கே கடலோரமாகச் செல்லும் புகையிரதத்தில் ஏறினால் சிறிது நேரத்திலேயே பகேரியாவை அடைந்துவிடலாம். எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் பழைய பிரபுக்களின் மாளிகைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். ஓவியர் ரெனாத்தோ குத்தூசோவும் திரைப்பட நெறியாளர் ஜுசெப்பே தொர்னத்தோரேயும் பிறந்த மண். இவ்வூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவின் முன் மெழுகுதிரி ஏற்றும் பலெர்மோத் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1980களின் தொடக்கத்தில் மாபியாக் குழுக்களிடையே போர் மூண்டபோது பகேரியா, கஸ்தெல்தாச்சா, அல்தவில்லா ஆகிய மூன்று ஊர்களும் 'மரண முக்கோணம்' என்று அழைக்கப்பட்டன. பகேரியாவில் இருந்த ஆணித் தொழிற்சாலை ஒன்றுக்குள் அழைத்துச் செல்லப்பட்டோர் திரும்பி வரவில்லை. உடல்கள் அமிலத்தில் கரைக்கப்பட்டன. உடல் கிடைக்காத இத்தகைய கொலையைச் சிசிலி மக்கள் 'லுப்பாரா பியாங்கா' என்பர். ஓநாய் வேட்டைத் துப்பாக்கியே 'லுப்பாரா'. 'பியாங்கா' என்றால் வெள்ளை. இங்கே வெள்ளைத் துப்பாக்கி. நமது மண்ணிலோ வெள்ளை வான்!

அச்சம் ஆட்சி செய்த அந்நாட்களில், 1983 பெப்ரவரி 26ஆம் நாள், மாணவரும் தொழிலாளரும் சமயத்தவரும் பகேரியாவிலிருந்து கஸ்தெல்தாச்சா வரை நடந்து சென்றனர். கொலையாளிகளின் பாதையிலேயே மக்கள் பகிரங்கமாக நடந்தமை ஒரு திருப்பமாயிற்று. ஆயினும் கொன்றவன் யார் என்ற கேள்வியுடன் மற்றொரு கேள்வியும் எஞ்சி நின்றது: அதை மூடி மறைத்தவர் யார்? இவ்விரண்டாம் கேள்வியை விடாது கேட்டவர்களுள் முதன்மையானவர், பலெர்மோவுக்கு மேற்கேயுள்ள சினிசி என்ற சிற்றூரின் தாய், பெலீச்சியா பர்த்தொலொத்தா இம்பஸ்தாத்தோ.

அவருடைய கணவர் மாபியாவைச் சேர்ந்தவர். மகன் பெப்பீனோவோ மாபியாவின் எதிரி. 1977இல் 'ரேடியோ அவுத்' என்ற சிறு வானொலியைத் தொடங்கி, ஊரை ஆட்டிப்படைத்த கயெத்தானோ பதலமெந்தியைப் பெயர் சொல்லியே எள்ளி நகையாடியவர். 1978 மே 9ஆம் நாள் அவருடைய உடல் புகையிரதப் பாதையில் வெடிவைத்துச் சிதறடிக்கப்பட்டிருந்தது. அதே நாளில் உரோமாபுரியில் முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவின் சடலம் மீட்கப்பட்டதால், நாட்டின் கண்கள் அனைத்தும் அங்கேயே திரும்பியிருந்தன. பெப்பீனோ, குண்டு வைக்கச் சென்று தானே மாண்ட பயங்கரவாதி என்றனர் விசாரணையாளர். கொல்லப்பட்டவனே குற்றவாளியாக்கப்பட்டான். இது நமக்குப் புதிய கதையா?

ஆனால் தோழர்கள் அருகிலிருந்த பாழடைந்த கட்டடத்தில் இரத்தக்கறை படிந்த கற்களைக் கண்டெடுத்தனர். தாயும் இளைய மகன் ஜொவான்னியும் கணவரின் உறவினரை முறித்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட தரப்பினராக நீதிமன்றத்தை நாடினர். பழிக்குப் பழி வேண்டாம், நீதியே வேண்டும் என்பதே அத்தாயின் நிலைப்பாடு. உம்பெர்த்தோ சந்தீனோவும் அன்னா புலீசியும் 1977இல் நிறுவிய ஆவண நிலையம் சான்றுகளைத் திரட்டி அவர்களுக்குத் துணை நின்றது. அந்நிலையம் பின்னர் பெப்பீனோவின் பெயரையே தாங்கிக்கொண்டது.

வழக்கை ஆராய்ந்த நீதவான் ரொக்கோ கின்னீச்சி 1983 யூலை 29இல் குண்டுக்கு இரையானார். எனினும் அவரது பணி வீண்போகவில்லை. இது மாபியாக் கொலையே என 1984இல் நீதிமன்றம் ஏற்றது. கொலையாளிகள் யாரென்று மட்டும் சொல்லவில்லை. 1992இல் வழக்கு மூடப்பட்டது. 1996இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2000 டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றத்தின் மாபியா எதிர்ப்பு ஆணைக்குழு, அரச அதிகாரிகள் விசாரணையைத் திசைதிருப்பியதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2001இல் வீத்தோ பலத்சோலோவுக்கு 30 ஆண்டுச் சிறையும், 2002 ஏப்ரலில் பதலமெந்திக்கு ஆயுட்சிறையும் விதிக்கப்பட்டன. இருபத்துநான்கு ஆண்டுகள்! தீர்ப்பைக் கேட்ட தாய் 2004 டிசம்பர் 7இல் கண்மூடினார். அவரது வீடு இன்றும் நினைவில்லமாகத் திறந்தே இருக்கிறது.

நமது தாய்மாரும் இதே வழியில்தான் நடக்கின்றனர். 1984இலேயே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி அமைத்துக் கச்சேரி நோக்கி அணிதிரண்டவர்கள் அவர்கள். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்தவர்களும் அவர்களே. பதில் கிடைக்காமலே அவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். 1994 முதல் ஆணைக்குழுக்கள் பல வந்தன. காணாமற்போனோர் அலுவலகமும் வந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றோர் மிகச் சிலரே. கிருஷாந்தி குமாரசுவாமி வழக்கில் தண்டிக்கப்பட்ட படைவீரர் 1998இல் செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டன என்று நீதிமன்றிலேயே கூறினார். 1999இல் பதினைந்து எலும்புக்கூடுகளே எடுக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு அகழ்வில் சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. மண் பொய் சொல்வதில்லை.

இரு நாடுகளின் நிலையும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறக்கலாகாது. இத்தாலியில் அரசின் ஒரு கை மறைத்ததை மற்றொரு கை தோண்டி எடுத்தது. அதற்காக உயிர்துறந்த நீதவான்களும் இருந்தனர். இலங்கையில் குற்றஞ்சாட்டப்படுவதும் அரசு, விசாரிப்பதும் அரசு. ஆகவேதான் சர்வதேச விசாரணை என்ற கோரிக்கை எழுகின்றது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021ஆம் ஆண்டுத் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் ஒப்படைத்ததும் இதனாலேயே.

சினிசித் தோழர்கள் அன்று பொறுக்கிய கற்களே பின்னாளில் சாட்சியாயின. நம்மிடமும் அத்தகைய கற்கள் உண்டு. யாரை, எந்த நாளில், எந்த முகாமுக்குக் கொண்டுசென்றனர் என்பதை நேரில் கண்டவர்கள் இப்புலம்பெயர் மண்ணில் நம்மிடையே வாழ்கின்றனர். செஞ்சிலுவைச் சங்கம் தந்த துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பழைய கடிதம், ஒரு புகைப்படம் – இவற்றை அலுமாரியின் அடியில் மக்க விடலாகாது. கண்டதைக் கண்டவாறே திகதியுடன் எழுதிவைப்போம். பிரதிகள் எடுத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். முதியோர் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். அவர்களுடன் சாட்சியமும் சுடுகாடு சென்றுவிடக்கூடாது.